கூழுக்குள் கிடந்த புளியங்கொட்டை

கனகலிங்கம் வீட்டுப் படலையை ஜெனிற்றா திறந்துகொண்டு வந்தபோது பிற்பகல் மூன்று மணி. இடுப்பில் கட்டிய சமையல் துணியைக்கூட அவிழ்க்காமல் சைக்கிளில் வந்திருந்தாள். முற்றத்தில் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த கிறிஸ்ரோபர்தான் முதலில் கண்டான். மீனவர் ஊரான குருநகரில் இருவருக்கும் ஒரே தெரு. அவள் முகத்தைப் பார்த்ததும் யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது அவனுக்கு. யாரை என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிறிஸ்ரோபருக்குக் கோபம் முந்தும், காரணம் பிந்தும்.

வீட்டுக்காரர் கனகலிங்கம் சுத்த சைவக்காரர், முப்பது வருடம் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவர் நுழைந்து பார்க்காத கடைக் குசினி இல்லை. ஊரார் சிக்கல்களை இப்போதும் அவரிடம்தான் கொண்டு வருவார்கள். அவரை ஏற்றிப் போவதும், அவருக்கு முன்பாகவே குற்றவாளியைக் கண்டுபிடித்துப் பிழை விடுவதும் கிறிஸ்ரோபரின் வேலை.

ஜெனிற்றா நடந்ததைச் சொன்னாள். மானிப்பாயில் பழைய கல்வீடு ஒன்றைப் புதுக்கி நடத்தும் ‘பச்சைப்பட்டு’ என்ற சைவ உணவகத்தில் அவள் தலைமைச் சமையற்காரி. சுளகு அளவு தட்டில் ஒரு கரண்டிச் சோறு வைத்து, ஏழு பதார்த்தங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவருகிற இடம் அது. இன்று மூன்றாவதாக, வழக்கமான மீனும் நண்டும் போடாத சைவக் கூழ். பிறந்தது முதல் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாத தெல்லிப்பழைப் பெரியவர் ஒருவரின் கரண்டியில் பொரித்த சூடை மீன் பாதி வந்தது. மனுசர் மேசையிலேயே சத்தி எடுத்துவிட்டார். முதலாளி இராசமலர் அந்த நிமிடமே ஜெனிற்றாவை வெளியே போகச் சொன்னாள். அதோடு விடவில்லை. ஐந்து மணிக்கு அவளுடைய பெயர், படம், ஊர் எல்லாவற்றையும் உணவகத்தின் முகநூலில் போடப் போகிறாளாம்.

"வேலை போனால் போகட்டும் ஐயா. அது வந்திட்டால் பிறகு ஆர் என்னைக் குசினிக்குள்ளை விடுவினம்?" என்றாள். "பதினொரு மாசமாய் என்ரை வீட்டிலைகூட நான் மீன் தின்னேல்லை. கையிலை மணக்கும் எண்டு அம்மா பொரிக்கேக்கை வெளியிலை போய் இருப்பன்."

கனகலிங்கம் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். ஜெனிற்றா சைக்கிளில் பின்னால் வந்தாள்.

உணவக வாசலில் வெள்ளை வேட்டியும் பட்டுச் சால்வையுமாக நின்றவன் கஜீவன். இராசமலரின் தமையன் மகன். விருந்தினரை வரவேற்பதும் பரிமாறலை மேற்பார்வையிடுவதும் அவன் பொறுப்பு. ஜெனிற்றாவையும் கிறிஸ்ரோபரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மீன் மணத்துக்குப் பரிகாரம் செய்ய மீன் மணமே வந்திருக்கு" என்றான். கிறிஸ்ரோபரின் கை தானாக மடங்கியது. கனகலிங்கம் அந்தக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

இராசமலர் இருக்கச் சொல்லவில்லை. இருபது வருடம் சுவிஸில் உழைத்துக் கட்டிய பெயர் ஒரு கரண்டியில் போய்விட்டது என்று சீறினாள். ஆனால் கெட்டிக்காரி. பெரியவர் எடுத்துப் போட்டதைச் சின்னத் தட்டோடு மூடி வைத்திருந்தாள். மிளகாய்த்தூள் பூச்சு உதிராத பாதிச் சூடை மீன். பக்கத்தில் கறுப்பாக ஒரு சிறு துண்டு.

"புளியங்கொட்டை" என்றாள் இராசமலர். "அதைக்கூட எடுக்கத் தெரியாதவளைத்தான் தலையிலை தூக்கி வைச்சிருந்தனான்."

புளியை வடித்துத்தான் விடுவேன் என்று ஜெனிற்றா சொல்ல வாயெடுத்தாள். வாயை மூடு என்று பதில் வந்தது.

கனகலிங்கம் எதற்கும் முகம் மாறாமல் குசினியைச் சுற்றிப் பார்த்தார். ஆறு அடுப்பும் எரிவாயு அடுப்பு. விறகின் வாடையே இல்லை. கூழ் மேசைக்குப் போகிற முறையைக் கேட்டறிந்தார். ஜெனிற்றா மண் கிண்ணங்களில் ஊற்றி மூடுவாள். அவள் குசினியை விட்டு வெளியே வரக்கூடாதென்பது சட்டம். பரிமாறுகிற றஜிந்தன் தட்டத்தில் கொண்டுபோய்ப் பக்க மேசையில் சூட்டு விளக்கின் மேல் வைப்பான். இரண்டாம் பதார்த்தம் முடிய இருபது நிமிடமாகும். பிறகு றஜிந்தன் இரண்டு கையாலும் தட்டத்தைத் தாங்கி நிற்க, கஜீவன் ஒவ்வொரு கிண்ணமாக மேசையில் வைத்து, மூடியைத் திறந்து, தேசிக்காய் பிழிந்து, வணங்கி விலகுவான்.

அடுத்து ஒவ்வொருவரும் மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். இதென்ன விசர்க் கேள்வி என்று கிறிஸ்ரோபருக்கே பட்டது. ஜெனிற்றாவும் றஜிந்தனும் பதினொரு மணிக்கே குசினியில் சாப்பிட்டிருந்தார்கள். கஜீவன் சண்டிலிப்பாயிலிருந்து தாய் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டைக் கொண்டுவருகிறவன்.

"இந்த அமளிக்குள்ளை ஆர் சாப்பிட்டது? பெட்டி திறக்கவே இல்லை" என்றான்.

கனகலிங்கம் தலையாட்டினார். மிஞ்சிய கூழைக் கொதிக்கவைத்துக் கிண்ணத்தில் ஊற்றி, மிளகாய்த்தூள் பூசிப் பொரித்த வாழைக்காய்த் துண்டு ஒன்றைப் போட்டு, மூடி, சூட்டு விளக்கின் மேல் வைக்கச் சொன்னார். அந்த இடைவெளியில் கிறிஸ்ரோபர் றஜிந்தனைக் கிணற்றடியில் மறித்துவிட்டான். தட்டம் தூக்கினவன் அவன்தானே, வேர்க்கவும் செய்கிறானே! கனகலிங்கம் கூப்பிட்டிராவிட்டால் அந்த அப்பாவிக்கு ஒரு பல்லாவது குறைந்திருக்கும்.

ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்க எல்லாரும் கூடத்தில் நின்றார்கள். இராசமலரின் கையில் கைத்தொலைபேசி. எழுத வேண்டியதை எழுதி முடித்திருந்தாள்.

கனகலிங்கம் கிண்ணத்தைத் திறந்தார். வாழைக்காயின் பூச்சு கழன்று கூழோடு கரைந்திருந்தது. "இருபது நிமிசத்திலை இப்பிடி. மீனிலை பூச்சு அப்பிடியே ஒட்டியிருக்கு. அப்ப மீன் குசினியிலை விழேல்லை. மூடி திறந்த பிறகுதான் விழுந்திருக்கு."

"அந்தக் கிழவனே போட்டிருப்பான்" என்றான் கஜீவன்.

கனகலிங்கம் அந்தக் கறுப்புத் துண்டை எடுத்து வெள்ளைக் கைத்துடைப்பில் உரசினார். கரிய கோடு விழுந்தது. "புளியங்கொட்டை கோடு போடாது. இது சிரட்டைக்கரி."

இராசமலருக்கு விளங்கிவிட்டது. அவளும் சண்டிலிப்பாயில் பிறந்தவள்தான். மச்சம் சமைத்துத் தெருவால் கொண்டுபோனால் பேய் பின்னால் வருமென்று, பொட்டலத்துக்குள் ஒரு கரித்துண்டு வைத்து அனுப்புவது தாய்மாரின் பழக்கம். கனகலிங்கம் அதை மெதுவாகச் சொன்னார். இந்த மீன் அடுப்பிலிருந்து வரவில்லை, ஒரு வீட்டிலிருந்து தெருவால் வந்தது. பெரியவரின் வீட்டில் மச்சமே இல்லை. கூழ் திறக்கும்போது றஜிந்தனின் இரண்டு கையும் தட்டத்தில். தேசிக்காய் பிழிந்த கைதான் மிச்சம். உள்ளங்கையில் மறைத்துப் போட்டவன் மீனோடு ஒட்டி வந்த கரியைக் கவனிக்கவில்லை.

"குருநகரிலையும் கரி வைப்பினம்" என்றான் கஜீவன்.

"ஓம், வைப்பினம். குசினியை விட்டு வராத பிள்ளை அதை எப்பிடிக் கூடத்திலை போடுறது? உம்மடை பெட்டியைத் திறப்பம், தம்பி. மச்சம் பட்ட பெட்டியை இந்தக் குசினியிலை கழுவேலாது, மணம் காட்டிக் குடுத்திடும். அது உம்மடை ஸ்கூட்டருக்குள்ளைதான் இருக்கும்."

கஜீவன் அசையவில்லை. "திறப்பைக் குடு, மருமகன்" என்றாள் இராசமலர். கிறிஸ்ரோபர் அந்தத் திறப்பை வாங்கிப் போய், ஸ்கூட்டரிலிருந்து பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்துத் திறந்தான். சோறு, கத்தரிக்காய், கரி பட்ட ஈயத்தாள். அதற்குள் சூடை மீனின் மற்றப் பாதி.

"அடுத்த கடையை இவளிட்டைக் குடுக்கப் போறன் எண்டனீங்கள், மாமி" என்றான் கஜீவன். "ஒரு மீன்காரி அதிகாரம் பண்ண, நான் அவளுக்குக் கீழை நிண்டு தேசிக்காய் பிழியிறதோ?"

கனகலிங்கம் கைத்துடைப்பை மடித்து வைத்தார். சுவர் மணிக்கூட்டில் ஐந்துக்கு இரண்டு நிமிடம்.

இராசமலர் கைத்தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. ஏழு மணிக்குப் பதினாறு பேர் வருகிறார்கள், உள்ளே போய் அடுப்பை மூட்டு என்று ஜெனிற்றாவிடம் சொன்னாள்.

"எழுதினதை எழுதினபடி போடுங்கோ அக்கா" என்றாள் ஜெனிற்றா. "பேரையும் படத்தையும் ஊரையும் மட்டும் மாத்துங்கோ."

"அதெப்பிடி? எங்கடை குடும்பப் பேர், எங்கடை ஊர்."

"என்ரை ஊரை எழுதேக்கை உங்கடை கை நடுங்கேல்லையே."

இராசமலர் தொலைபேசியை நிமிர்த்தவில்லை. ஜெனிற்றா இடுப்புத் துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, அந்த மீன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். கஜீவனை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. அவளுக்கும் சேர்த்துக் கிறிஸ்ரோபர் முறைத்துப் பார்த்தான், வஞ்சகமில்லாமல்.

சைக்கிளை ஓட்டோவின் பின்னால் கட்டினார்கள். வீட்டுக்குத்தானே என்று கிறிஸ்ரோபர் கேட்டான்.

"இல்லை அண்ணை. மீன் சந்தைக்கு விடுங்கோ" என்றாள். "இறாலும் நண்டும் வாங்க வேணும். இண்டைக்கு எங்கடை வீட்டிலை கூழ் காய்ச்சப் போறன். ஐயாவுக்கு மட்டும் முதலிலை சைவமாய் எடுத்து வைச்சிட்டுத்தான் மச்சம் போடுவன்."