நனையாத கழுகு

அந்த மாதம் முழுக்க ஐந்தாம் வகுப்பை ரோமானியர்கள் பிடித்துக்கொண்டார்கள். கணக்குப் பாடத்தில் குச்சி குச்சியான ரோமன் எண்கள் வந்து உயிரை வாங்கின. அறிவியலில் கட்டிய செங்கல் வளைவு பொத்தென்று விழுந்தது. ஓவிய வகுப்பில் ஆளுக்கொரு அட்டைக் கேடயம் செய்தார்கள்.

ஓவியம் என்றால் பெயிண்டருக்குத் தலைகால் புரியாது. எந்நேரமும் விரலில் வண்ணக் கறையோடு திரிவதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது. தன் கேடயத்தில் சிறகு விரித்த கழுகை வரைந்து, ஒவ்வொரு இறகுக்கும் தனித்தனியாகத் தங்க நிறம் தீட்டினாள். மதிய இடைவேளை எல்லாம் அதற்கே போனது.

பிறகு பி.டி. சார் ஆமை அணி சொல்லிக்கொடுத்தார். ரோமானிய வீரர்கள் அப்படித்தான் நடப்பார்களாம். எல்லோரும் நெருங்கி நின்று கேடயங்களை ஓடுபோலச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நம் கேடயத்தில் பாதி நமக்கு, மீதி பக்கத்தில் நிற்பவருக்கு என்றார். பக்கத்து வகுப்பு ஈர ஸ்பாஞ்ச் எறியும். ஆமை கலையாமல் மைதானத்தைக் கடந்தால் வெற்றி.

பெயிண்டருக்குப் பக்கத்தில் நத்தை நின்றான். சாப்பாட்டு டப்பாவை எப்போதும் கடைசியாக மூடுகிறவன்.

பாதி மைதானம் நன்றாகத்தான் போனார்கள். அப்போது சொட்டச் சொட்ட ஒரு ஸ்பாஞ்ச் நேராகக் கழுகை நோக்கி வந்தது. பெயிண்டர் யோசிக்கவே இல்லை. கேடயத்தைத் திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஸ்பாஞ்ச் நத்தையின் முகத்தில் சொத்தென்று விழுந்தது. அவன் தடுமாறி முன்னால் நின்றவன்மேல் சாய, ஆமை மொத்தமும் சிதறியது.

நத்தையை யார் அணியில் சேர்த்தது என்று எல்லோரும் அவன்மேல் பாய்ந்தார்கள். அவன் முகத்தைத் துடைத்தானே தவிர வாய் திறக்கவில்லை. பெயிண்டரும் திறக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு நடந்துவிட்டாள். மறுநாள் அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தும் சும்மாதான் இருந்தாள். சாப்பாடு மட்டும் அவளுக்கு இறங்கவில்லை.

அதற்கடுத்த நாள் டீச்சர் கேடயங்களைச் சுவரில் மாட்டினார். எல்லாமே தண்ணீர் பட்டுச் சுருங்கி, சாயம் வழிந்து கிடந்தன. ஒன்றே ஒன்று மட்டும் புதுசாக மின்னியது. அதை நடுவில் மாட்டலாம் என்றார் டீச்சர். வகுப்பு கைதட்டியது. நத்தையும் தட்டினான்.

அதைத்தான் பெயிண்டரால் தாங்க முடியவில்லை.

"வேண்டாம் டீச்சர்," என்று எழுந்தாள். "அது நனையாததுக்குக் காரணம் நான்தான். ஸ்பாஞ்ச் வந்தப்போ கேடயத்தத் திருப்பிக்கிட்டேன். நத்தை மேல தப்பே இல்ல."

"அப்போ நாம தோத்தது உன்னாலயா?" என்றான் அணித் தலைவன்.

"ஆமா."

இன்னொரு முறை விளையாடி ஈடுகட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பக்கத்து வகுப்பு ரோமானியர்களை விட்டுவிட்டுப் பிரமிடு பாடத்துக்குப் போய்விட்டது.

இடைவேளையில் அவள் நத்தையிடம் போய் மன்னிப்புக் கேட்டாள்.

"நீ திருப்பினத நான் பார்த்தேன்," என்றான் அவன்.

"பார்த்தியா? அப்புறம் ஏன் சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு நெனச்சேன்."

பெயிண்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் காத்திருந்த அந்த இரண்டு நாளை இனி எங்கே போய்த் திருப்பி வாங்குவது?

டீச்சரிடம் கேட்டுத் தன் கேடயத்தைச் சுவரின் கோடியில், நத்தையின் கேடயத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவனுடையதில் ஈரத்தில் கிழிந்த ஓரம் ஒன்று தொங்கியது. அந்த ஓரத்தை மூடுகிற மாதிரி கழுகின் சிறகை வைத்துப் பிடித்தாள்.

நத்தை நிதானமாகப் பார்த்தான். "சுவத்து மேல யாரும் ஸ்பாஞ்ச் எறிய மாட்டாங்க," என்றான்.

"தெரியும்," என்றாள் பெயிண்டர். கேடயத்தை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் தள்ளி, குண்டூசியை அழுத்திக் குத்தினாள்.