மதீனாவுக்குப் போன குரல்

கவுஸ் பாஷாவின் குரலைக் கேட்காமல் திருத்தணி பேருந்து நிலையத்தில் யாரும் பேருந்து ஏறியது கிடையாது.

"பொதட்டூர்பேட்ட, பொதட்டூர்பேட்ட, பொதட்டூர்பேட்டேய்! அம்மையார்குப்பம் ஏறு! ஆர்.கே.பேட்ட ஏறு!"

மலைமேல் மொட்டை போட்டுவிட்டு வந்த குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்ப்பார்கள். பெஞ்சில் தூங்குகிறவர்கள் திடுக்கிட்டு எழுந்து, தங்கள் ஊர் இல்லை என்று தெரிந்து மறுபடி படுப்பார்கள். பேருந்துகளுக்கு ஆள் கூப்பிடுவதுதான் அவர் வேலை. வீட்டில் சோறு பொங்குவது அந்தக் குரலால்தான்.

வேலை முடிந்தாலும் குரலுக்கு ஓய்வு கிடையாது. "ரைஹானா, தண்ணி கொண்டா!" என்று வீட்டில் உட்கார்ந்து கேட்பார். நாலு வீடு தள்ளியிருக்கும் விஜயன் சொம்போடு வந்து நிற்பான்.

ரைஹானா அவருடைய மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

ரியாத்தில் வேலை செய்யும் அவளுடைய மாமா அந்த வருடம் கவுஸ் பாஷாவை உம்ரா புனிதப் பயணத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். மக்காவும் மதீனாவும் பார்த்துவிட்டு வரலாம். ஊரிலிருந்து ஒன்பது பேர் சேர்ந்து போகிறார்கள். தெருவே வந்து "எனக்காக துஆ கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. ரைஹானா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா, மதீனாவுல நபிகள் நாயகம் அடங்கியிருக்கிற இடத்துல என் சலாமைச் சொல்லணும். என் பேரைச் சொல்லிச் சொல்லணும்."

"மொதல்ல உன்னோடதுதாம்மா!" என்றார் அப்பா. அலமாரியில் இருந்த டம்ளர்கள் அதிர்ந்தன.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத், பயணம் போகிறவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். ரைஹானாவும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"மக்காவுக்குப் போக இஹ்ராம் வெள்ளைத் துணி கட்டிட்டா அத்தர், வாசனை சோப்பு எதுவும் கூடாது. கஃபாவைச் சுத்தி வரும்போது யாரையும் இடிக்காதீங்க. கறுப்புக் கல்லைத் தொட முடியலன்னா தூரத்துல இருந்து கையைக் காட்டினாலே போதும். அடுத்தவங்களை நசுக்கிட்டுப் போகாதீங்க. மதீனாவுல, நபியோட பள்ளிவாசல்ல குரலை உயர்த்தவே கூடாது. அவங்க எதிர்ல நிக்கிற மாதிரி நெனச்சு, மெதுவா சலாம் சொல்லுங்க."

கவுஸ் பாஷா கையைத் தூக்கினார். "எவ்ளோ மெதுவாங்க, ஹஜ்ரத்?"

ஜன்னலில் இருந்த புறா படபடவென்று பறந்து போனது. எல்லோரும் சிரித்தார்கள்.

இரும்புக் கடை சர்புதீன் சும்மா இருக்கவில்லை. "பாய், நீ வாய்ல பிளாஸ்திரி ஒட்டிகினு வா. இல்லன்னா போலீஸ் நம்ம ஒம்பது பேரையும் புடிச்சுகினு பூடும்!"

சிரிப்பு இன்னும் பெரிதானது. "சும்மா இருங்கப்பா" என்று ஹஜ்ரத் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கவுஸ் பாஷாவும் சேர்ந்து சிரித்தார்.

ரைஹானா சிரிக்கவில்லை. 'இவங்க பஸ் எங்க நிக்குதுன்னு அப்பா கத்திச் சொல்லணும். மத்த நேரத்துல அந்தச் சத்தம் கேலியா?' என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்த அப்பா பாதிச் சோற்றிலேயே கை கழுவினார்.

"மதீனாவுல நான் வாயே தெறக்கப் போறதில்ல" என்றார்.

"அப்போ என் சலாம்?"

"சர்புதீன் பாயாண்ட சொல்லச் சொல்றேன்."

"அவராண்டயா? வேணவே வேணாம்!" என்றாள் ரைஹானா. "நீங்கதான் சொல்லணும். இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு. பழகிக்கலாம்."

மறுநாளே பழக்கம் தொடங்கியது. அப்பா குரலை உயர்த்தினால் ரைஹானா கையை உயர்த்துவாள். சாயங்காலத்துக்குள் அவளுக்குத் தோள் வலி வந்துவிட்டது.

"சரி, ரகசியம் மாதிரி பேசுங்க" என்றாள்.

அப்பா குனிந்து, கண்ணைச் சுருக்கி, ரகசியமாகச் சொன்னார்: "இன்னிக்கி நம்ம வூட்ல மீன் கொழம்பு."

"எங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தனுப்புங்க பாய்!" என்று அடுத்த வீட்டிலிருந்து பதில் வந்தது.

மூன்றாம் நாள் சலாம் சொல்லிப் பழக, அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் திருத்தணி கவுஸ் பாஷா!" என்று ஆரம்பித்தார். ரைஹானாவுக்குக் காது வலித்தது. இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, "போதும்ப்பா!" என்றாள்.

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் குரல் அவள் தலைக்குள்ளேயே, பானைக்குள் பேசியது போல, கும்மென்று கேட்டது. காதைப் பொத்திக்கொண்டே மறுபடி, "போதும், போதும்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"அப்பா! காதைப் பொத்திகினு பேசுங்க!"

"காதப் பொத்துனா எப்டிம்மா கேக்கும்?"

"பேசித்தான் பாருங்களேன்!"

அப்பா காதைப் பொத்தினார். "நான் திருத்தணி கவு…" பாதியில் நின்றார். கண்கள் உருண்டன. "யம்மாடி! இன்னா சத்தம்! தெனமும் இப்டியா கத்திகினு கீறேன்?"

"பதினாலு வருஷமா நான் அதத்தான் சொல்லிகினு கீறேன்" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

நாள் முழுக்க ஹாரனுக்கும் எஞ்சினுக்கும் நடுவே நிற்கிறவர். தன் குரலை அவர் சரியாகக் கேட்டதே இல்லை. இப்போது கேட்டது. கொஞ்சம் குறைத்தார். இன்னும் கும்மென்றது. மேலும் குறைத்தார். கடைசியில் அவர் பேசியது, பக்கத்தில் நின்ற ரைஹானாவுக்கு மட்டும் கேட்டது.

"ஆனா, அங்க போய் காதப் பொத்திகினு நிக்க முடியுமா?" என்று கேட்டார்.

ரைஹானா அதையும் யோசித்து வைத்திருந்தாள். மருந்துக் கடைப் பஞ்சைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டிக் கொடுத்தாள். அப்பா ஆசையாக அதை அத்தரில் நனைக்கப் போனார்.

"அய்யோ! இஹ்ராம்ல வாசனை கூடாதுன்னு ஹஜ்ரத் சொன்னாரில்ல?"

"மதீனாவுலதான் இஹ்ராம் இல்லியேம்மா."

"மக்காவுக்குத்தானே முதல்ல போறீங்க? மறந்து போய் அங்கயும் வெச்சுக்குவீங்க. வாசனையே வேணாம்."

அப்பா அத்தர் பாட்டிலை மூடினார்.

காதில் பஞ்சோடு அவர் வேலைக்குப் போன அன்று பேருந்து நிலையமே குழம்பிப் போனது. நடத்துநர் வீரபத்திரன் ஓடி வந்தார்.

"இன்னா பாய், பஸ் காலியா போவுது! தொண்டைக்கு இன்னா ஆச்சு?"

"நல்லாதான் கீது. பஞ்சு வெச்சிகினு கீறேன்" என்றார் கவுஸ் பாஷா மென்மையாக.

"பஞ்சா? தொண்டையிலயா?"

அதற்குள் பொதட்டூர்பேட்டைக்குப் போக வேண்டிய ஓர் அம்மாள் நகரி வண்டியில் ஏறி, துணி மூட்டையோடு கத்திக்கொண்டே இறங்கினாள்.

அன்று மாலை ரைஹானா சட்டத்தைத் திருத்தினாள். "வேலையில பஞ்சு வேணாம். வூட்டுக்கு வந்ததும் வெச்சுக்கங்க."

மீதி நாளெல்லாம் அப்படியே நடந்தது. தண்ணீர் கேட்டால் விஜயன் வரவில்லை. ரைஹானாதான் கொண்டுவர வேண்டியிருந்தது. அது ஒன்றுதான் அவளுக்கு நஷ்டம்.

அப்பா புறப்பட்டுப் போன ஒன்பதாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

"அலோ! அலோ! லைன் கட்டாயிடுச்சு போல!" என்று அம்மா கத்தினாள்.

ரைஹானா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். லைன் நன்றாகவே இருந்தது. அப்பாதான் பேசிக்கொண்டிருந்தார்.

"பள்ளிவாசலாண்ட இருந்து வெளிய வந்துட்டேன்மா. இன்னும் கொரல் ஏறல" என்றார். "நம்ம சர்புதீன் பாய் இருக்காரே, சலாம் சொல்லப் போன எடத்துல ஓன்னு அழுதுட்டாரு. காவலுக்கு நின்னவரு வாயில வெரல் வெச்சுக் காட்டினாரு. நான்தான் கையப் புடிச்சு மெதுவா கூட்டிகினு வந்தேன். பாவம்மா."

ரைஹானாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அதை அடக்கவில்லை. சிரித்து முடித்த பிறகுதான் கேட்டாள்.

"அப்பா… என் சலாம்?"

"மொதல்ல உன்னோடதுதான் சொன்னேன். காதுல பஞ்சு இருந்துச்சா, 'ரைஹானா'ன்னு உன் பேரு என் தலைக்குள்ள அப்டி பெருசா கேட்டுச்சு. பக்கத்துல நின்னவங்க யாருக்கும் கேக்கல."

ரைஹானா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னாடி சொல்றாரு? எனக்கு ஒண்ணுமே கேக்கலியே!" என்று அம்மா அவள் தோளை உலுக்கினாள்.

"சொல்லிட்டாராம்மா" என்றாள் ரைஹானா.