கோட்டுக்கு வெளியே கற்ற பதினொன்று

சங்கு ஊதியதும் ஜெபக்கனி எட்டாம் வாசலுக்கு வந்து, திறன்மீட்பானின் கண்ணாடிமேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள்.

"தம்பி, இன்னைக்கு ஒண்ணே ஒண்ண மட்டும் விட்டுருங்க. ஃபாக்டரி வேல இல்ல. எம்புள்ளைக்கு 'அம்மா'ன்னு சைகை காட்டணும்."

"யக்கா, இதுக்கு ஃபாக்டரியும் தெரியாது, புள்ளையும் தெரியாது. தரையில போட்டிருக்க இந்த வெள்ளைக் கோட்டுக்கு உள்ள படிச்சதுன்னா உருவிரும். என்னைய ஏசாதீய," என்றான் காவலன் சுயம்பு.

கண்ணாடி பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. விரல்கள் வெறுமையாயின.

சிறப்புப் பொருளாதார மண்டலம் சட்டப்படி அயல்மண். அங்கே விளைந்த எதுவும் அனுமதியில்லாமல் வெளியேறக் கூடாது; கைப்பழக்கமும்கூட. காலையில் திருப்பித் தருவார்கள். போட்டி மண்டலங்களுக்கு அனுபவம் கசியாததால்தான் இங்கே செய்யும் மின்கலங்கள் உலகிலேயே மலிவு என்றன சுவரொட்டிகள். ஒன்பது வருட அனுபவக்காரியான ஜெபக்கனி, கோட்டைத் தாண்டினால் ஒன்றும் தெரியாதவள். வேறெங்கும் போய் வேலை கேட்க முடியாது.

அவள் மகள் ரூத்துக்கு நான்கு வயது. பிறவியிலேயே காது கேட்காது. தொழிற்சாலையில் பக்கத்து இருக்கைக்காரி இசக்கியம்மாளுக்கும் அப்படித்தான். சாப்பாட்டு வேளையில் அவள்தான் சைகை கற்றுக்கொடுத்தாள். மாலையில் வாசல் அதை எடுத்துக்கொண்டது.

அன்று ஜெபக்கனி தன் விரல்களைப் பார்த்து அழுவதை இசக்கியம்மாள் கண்டாள். அவளுடைய பேருந்து வந்து நின்றது. அவள் ஏறவில்லை. அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஜெபக்கனியைக் கோட்டுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்துக்கு இழுத்துப்போய், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, 'அம்மா'வைப் புதிதாகச் செய்துகொடுத்தாள். அது மண்டலத்தில் விளைந்ததல்ல. யாராலும் உருவ முடியாது.

இப்படிப் பதினொரு மாலைகள், பதினொரு சொற்கள். வீடு போனதும் ஒவ்வொன்றும் ரூத்தின் கைக்கு மாறியது.

பன்னிரண்டாம் நாள் மண்டலத்தை விரிவாக்கினார்கள். நிறுத்தமும் ஜெபக்கனியின் தெருவும் கோட்டுக்குள் வந்தன.

"இனிமே ஒங்களுக்கு வாசலே கெடையாதுக்கா. ஒங்க கை ஒங்களுக்குத்தான்!" என்றான் சுயம்பு. அவள் முழங்காலிட்டுக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

ஞாயிறுதோறும் இசக்கியம்மாள் வீட்டுக்கே வந்தாள். இரண்டு வருடத்தில் ரூத் கதை சொன்னாள், சண்டை போட்டாள், இரு கைகளாலும் ஜெபம் பண்ணினாள்.

ஆறு வயதில் அவளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது. காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி, கோட்டுக்கு வெளியே.

புது வாசலில் சுயம்பு தலையைக் குனிந்துகொண்டான்.

"புள்ளையுமா, தம்பி?"

"உள்ள படிச்ச புள்ளதானக்கா."

மகளால் வாய்விட்டுப் பேசவும் முடியாது, இனி வெளியே கையால் பேசவும் முடியாது. பேச வேண்டுமானால் இங்கேதான் திரும்ப வேண்டும். பதினெட்டு வயதில் அவள் எந்த இருக்கையில் உட்காருவாள் என்பது ஜெபக்கனிக்குத் தெரிந்துவிட்டது.

சுயம்பு தோள்துண்டை எடுத்துக் கண்ணாடியை வெகுநேரம் தேய்த்தான். "புள்ளைக்குக் குளிரும்லா," என்றான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

தாயும் மகளும் கைகளை வைத்தார்கள்.

வெளியே வந்ததும் ரூத் முந்தானையை இழுத்தாள். 'அம்மா' என்று காட்டினாள். மேலே ஏதோ சொல்ல எழுந்த விரல்கள் காற்றிலேயே நின்றன. ஜெபக்கனி தன் கைகளிலும் தேடிப் பார்த்தாள். மகள் தேடிய சொல் அந்தப் பதினொன்றில் இல்லை.

ரூத் மறுபடியும் 'அம்மா' என்றாள்.