வயலின் பச்சைப் போர்வை

அம்மா வயலில் விளைந்த நீர்மூங்கில் என்ற காய்கறித் தண்டை நறுக்கினார். வெள்ளையாக இருக்க வேண்டிய உள்பக்கத்தில், மிளகுத்தூள் தூவியதுபோல் கருப்புப் புள்ளிகள்.

அடுத்த தண்டிலும் அப்படித்தான். கொள்முதல் கொட்டகையில் அன்று ஆறு கட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்படியே போனால் இந்தப் பருவம் வீண்தான் என்றார் அம்மா.

பெய்-லிங்குக்குப் பத்து வயது. தைவானின் பூலியில் வளரும் எல்லாப் பிள்ளைகளையும்போல அவளுக்கும் இது தெரியும்: தண்டுக்குள் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. அதனால்தான் தண்டு பருத்து இனிக்கிறது. தண்ணீர் குளிர்ந்திருக்கும்வரை அது சாதுவாக இருக்கும். சூடேறினால் அவசர அவசரமாகக் கருப்பு வித்துகளை உண்டாக்கிவிடும்.

ஆனால் வயலில் பாய்வது மலை ஊற்று நீராயிற்றே?

செருப்பைக் கழற்றிவிட்டுத் தங்கள் வயலில் கால் வைத்தாள். வெதுவெதுப்பு. வரப்பைத் தாண்டி ஆ-தூ மாமாவின் வயலில் வைத்தாள். ஜில்லென்றது. ஒரே வாய்க்கால் தண்ணீர்தான். ஆனால் அங்கே நீர் தெரியாமல் அசோலா என்ற மிதக்கும் குட்டிச் செடி மூடியிருந்தது. இங்கே வெயில் நேராக நீரில் விழுந்தது. நடுவில் பன்னிரண்டு வாத்துகள், வயிறு புடைக்க.

நத்தைகளைத் தின்னட்டும் என்று போன மாதம் அம்மா விட்டவை.

"அம்மா, இதுங்க நத்தையோட நிக்கல. வயலோட போர்வையையும் தின்னுடுச்சு."

அம்மா நீரில் கை வைத்துப் பார்த்தார். உடனே வாத்துகளை ஓட்டிப்போய் அடைத்தார்.

மாமாவிடம் அசோலா கேட்க அம்மாவுக்குக் கூச்சம். வாத்து வேண்டாம் என்று அவர் அப்போதே சொல்லியிருந்தார். பெய்-லிங்கே கூடையோடு போனாள்.

"மாமா, எங்க வயலுக்குக் காய்ச்சல். கொஞ்சம் அசோலா தருவீங்களா?"

"எதுக்கு, வாத்துக்கு விருந்து வைக்கவா?"

"அதுங்களை அடைச்சாச்சு மாமா."

மாமா சிரித்துக்கொண்டே முழங்காலளவு நீரில் இறங்கினார். ஒன்பது கூடை அள்ளித் தந்தார்.

இரண்டு வாரத்தில் வயல் பச்சையாக மூடியது. அதன்பிறகு பருத்த புதுத் தண்டை அம்மா நறுக்கினார். பால்வெள்ளை.

முதல் கட்டை மாமாவிடம் இரு கைகளாலும் கொடுத்துத் தலைவணங்கினார். பிறகு வரப்போரம் இருக்கும் மண்தெய்வத்தின் சிறு கோயிலில் மூன்று தண்டுகள் வைத்தார். பெய்-லிங் பக்கத்தில் இன்னொன்று வைத்தாள்.

"இது யாருக்குடி?"

"பூஞ்சைக்கும்மா. அதுவும்தானே உழைச்சுது."

அம்மா அந்தத் தண்டை எடுத்து, மற்ற மூன்றுக்கும் நடுவில் வைத்தார்.