கார்டு இல்லாத பெட்டி

பேய்க்கதை என்றால் நடுராத்திரியில்தான் நடக்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். இது நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் இரண்டரை மணி, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம்.

அந்த வெயிலில்தான் ரீஸ்டார்ட் தன் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். ரீஸ்டார்ட் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். யார் போன் பண்ணி என்ன கோளாறு சொன்னாலும் பாதி கேட்பதற்குள், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிடுவான். பத்துக்கு எட்டு சரியாகியும் விடும். அந்தப் பேரைச் சூட்டினவரே அக்கா புருஷன்தான். "வாங்க மிஸ்டர் ரீஸ்டார்ட்" என்று மாமா கதவைத் திறந்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். அப்படி ஒரு குரல்.

அந்தக் குரல் போய் மூன்று மாதம் ஆகிறது.

கதவைத் திறந்தது அக்கா. "வழி தெரிஞ்சுதா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குச் சங்கடமாக இருந்தது. மூன்று மாதமாக அவளும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், மாமா கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை, வந்து பார் என்று. இவனும் இன்றைக்கு நாளைக்கு என்று சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தான். நேற்று அவள், எதிர்வீட்டுக்காரர் வேறு ஆளைக் கூட்டி வருகிறேன் என்கிறார் என்று சொன்ன பிறகுதான் ரோஷம் வந்தது. தம்பி இருக்கும்போது அக்கா வீட்டுப் பெட்டியை எவனோ வந்து திறப்பதாவது.

மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைதான் மாமாவுடைய இடம். ரிட்டயர் ஆன பிறகு, கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு பண்ணி அனுப்புவார். வெளிச்சத்தம் வராமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார். ஜன்னலுக்குக் கனத்த திரை. கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் கத்தியால் அறுத்த மாதிரி நின்றுவிடும். நம் மூச்சு நமக்கே கேட்கும்.

உள்ளே தைல வாசனை இருந்தது. மாமா நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

"இன்னும் போகலை பாரு இந்த வாசனை," என்றாள் அக்கா. "துடைச்சுத் துடைச்சுப் பார்த்துட்டேன்."

அவன் வேலையைத் தொடங்கினான். ஸ்பீக்கரில் சிவப்பு விளக்கு எரிந்தது, அது சரி. ஒயரைப் பிடுங்கித் தன் பையிலிருந்த ஹெட்போனைச் சொருகினான். ஹெட்போனிலும் சத்தம் இல்லை. ஆக ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. அதன் ஒயரையே மறுபடி சொருகினான். திரையின் ஓரத்தில் சத்தத்துக்கான சின்னப் படத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. சவுண்ட் கார்டுக்கான சாஃப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான். தன் பேருக்கு ஏற்றபடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினான். பெருக்கல் குறி அசையவில்லை.

சரி, வயிற்றைத் திறக்க வேண்டியதுதான் என்று பெட்டியைப் படுக்கவைத்து ஸ்க்ரூவைக் கழற்றினான். கார்டு அவனே வாங்கி மாட்டியது. உள்ளங்கை அகலத்தில் பச்சைத் தகடு. "மாப்ளே, என் குரலைக் கேட்டுப் பிள்ளைங்க தூங்கிடக் கூடாது, நல்லதாப் போடு" என்று மாமா கேட்டதற்காகத் தேடி வாங்கியது. அதை உருவி, பெட்டிக்குள் சொருகும் அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்தான். கறுப்பாக அழுக்கு உருண்டு வந்தது. எத்தனையோ கார்டுகள் இந்த ஒரு தேய்ப்பில் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. தேய்த்து, ஊதி, அழுத்திச் சொருகினான்.

சத்தம் இல்லை.

"சரியானதும் ஒரே ஒரு பதிவு போட்டுக் காட்டுடா, போதும்," என்றாள் அக்கா. கதவில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"எந்தப் பதிவு?"

"அன்னிக்கு உள்ளது. நான் லைப்ரரி வேலை முடிஞ்சு அஞ்சு மணிக்கு வந்தப்போ அவர் மைக் பக்கத்துல கீழே கிடக்கார், ரெக்கார்டிங் ஓடிட்டே இருக்கு. மூணு மணிக்கு ஆரம்பிச்சிருக்கார். நான்தான் நிறுத்தினேன். எல்லாம் முடிஞ்சப்புறம் போட்டுக் கேக்கலாம்னு பார்த்தா, சத்தமே வரலை. போன்ல சொன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு சொல்லலை." அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "தண்ணி கேட்டாரோ, என்னைக் கூப்பிட்டாரோ. அது தெரிஞ்சாப் போதும்டா. தூக்கமே இல்லை எனக்கு."

தேநீர் போட்டு வருகிறேன் என்று போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். ஏன் வைத்தான் என்று சொல்லிவிடலாம், இதில் மறைக்க ஒன்றுமில்லை. அன்றைக்கு மூன்றேகால் மணிக்கு மாமா இவனைத்தான் கூப்பிட்டார். ஒரு ஆபீசில் இருபது கம்ப்யூட்டருக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். மாமா ஒரு நாளைக்கு நாலு தரம் கூப்பிடுகிற மனிதர், மவுஸ் நகரவில்லை என்றாலும் கூப்பிடுவார். "மாப்ளே, ஒரு மாதிரி..." என்று அவர் ஆரம்பித்ததுமே, "மாமா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, வேலையா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, போனை சைலண்ட்டில் போட்டான். ஐந்தரை மணிக்கு எடுத்துப் பார்த்தான். மாமா பதினோரு தரம் கூப்பிட்டிருந்தார். பன்னிரண்டாவது அக்கா.

அன்று சாயங்காலம் கூட்டத்துக்கு நடுவில், எல்லாருக்கும் தகவல் சொல்கிறேன் என்று மாமாவின் போனை வாங்கி, அந்த அழைப்புகளை ஒன்றுவிடாமல் அழித்தவனும் இவன்தான். இவனுக்குப் படிப்புக் கொடுத்து, முதல் ஸ்க்ரூ டிரைவர் செட் வாங்கிக் கொடுத்த மனிதர். அக்காவுக்குத் தெரிந்தால் செத்தாலும் இவன் முகத்தில் விழிக்க மாட்டாள். அவளை விட்டால் இவனுக்கு வேறு நாதி இல்லை.

மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

அப்படியென்றால் மைக் எல்லாவற்றையும் கேட்டிருக்கும்.

பதிவுகளின் பட்டியலைத் திறந்தான். கடைசியில் இருந்தது. தேதி, நேரம், இரண்டு மணி நேர நீளம். கார்டு பிழைத்தால் என்ன, செத்தால் என்ன, முதலில் இது போக வேண்டும். அழி என்று அமுக்கினான். நிரந்தரமாக அழிக்கவா என்று பெட்டி கேட்டது. ஆம் என்றான். பட்டியலில் அந்த வரி மறைந்தது.

ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம்.

அவன் எதையும் தொடவில்லை.

"கடல் நீர் வெயிலில் சூடாகி ஆவியாக மேலே போகிறது," என்றார் மாமா. நிறுத்தி, தெளிவாக, பிள்ளைகளுக்கு வாசிக்கிற குரல். "மேலே போன ஆவி குளிர்ந்து..."

பக்கம் புரளும் சத்தம். பிறகு புரளவில்லை.

"கொஞ்சம் இருங்க பிள்ளைங்களா."

தைலப் புட்டியின் மூடி திருகும் சத்தம். அறையில் அந்த வாசனை குப்பென்று ஏறியது, இப்போதுதான் யாரோ பக்கத்தில் நின்று தேய்த்துக்கொண்ட மாதிரி. போன் ஒலித்தது. மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

"மாப்ளே, ஒரு மாதிரி..."

"மாமா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, வேலையா இருக்கேன்."

தன் குரலைத் தானே கேட்டான். எவ்வளவு அலட்சியமான குரல். அவனுக்கு அந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது.

சத்தத்தைக் குறைத்தான். திரையில் அளவு சைபருக்கு வந்தது. மூச்சு வாங்கும் சத்தம் குறையவில்லை.

"எதை மாப்ளே?" என்றார் மாமா.

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான்.

"எதை ஆஃப் பண்ணச் சொல்றே?"

சுவரிலிருந்து ப்ளக்கையே உருவினான். திரை அணைந்தது. பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த விசிறி மெல்ல நின்றது. ஸ்பீக்கரின் சிவப்பு விளக்கும் போனது.

போன் ஒலித்தது. எடுப்பார் இல்லை. மறுபடி ஒலித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன் எண்ணிக்கொண்டு நின்றான். எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் மாமாவின் மூச்சு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. ஏழு. எட்டு. இருபது வருஷமாக ஊமையாகிப்போன பெட்டிகளைப் பேசவைக்கிற தொழில் பார்த்தவனுக்கு, பேசுகிற ஒன்றை நிறுத்த வழி தெரியவில்லை. பெட்டியின் திறந்து கிடந்த வயிற்றுக்குள் விரலை விட்டுக் கார்டைப் பிடுங்கினான். தகட்டின் ஓரம் விரலைக் கிழித்தது.

அமைதி.

கதவு திறந்தது. அக்கா தேநீரோடு நின்றாள். "யாரோ பேசின மாதிரி இருந்துச்சே?"

"போன்ல பேசிட்டிருந்தேன்க்கா."

அவள் இருண்டு கிடந்த திரையைப் பார்த்தாள், அவன் விரலில் ரத்தத்தைப் பார்த்தாள்.

"கார்டு போச்சுக்கா," என்றான். "அந்தப் பதிவும் கெட்டுப்போயிருக்கு. ஒண்ணும் மிஞ்சலை."

அவள் அழவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முந்தானையைக் கிழித்து அவன் விரலில் சுற்றினாள்.

"போகட்டும் விடு. நீ என்ன பண்ணுவே, பாவம். அவருக்கு ஒண்ணுன்னா ஓடி வர்ற ஒரே ஆள் நீதானே."

இதைவிட அவள் அவனைச் செருப்பால் அடித்திருக்கலாம். தேநீரை வாய் வெந்து போகக் குடித்துவிட்டு, கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அதை ஆற்றிலோ குப்பையிலோ எறிந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

தெருமுனையில் பஸ்சுக்கு நின்றான். லாரி, ஸ்கூட்டர், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், ஒரே இரைச்சல். அந்த இரைச்சல் அவனுக்கு அமிர்தமாக இருந்தது. மூன்று மாதமாக அவன் போனை சைலண்ட்டில் போடுவதே இல்லை. அது ஒலித்ததும் தூக்கிவாரிப்போட்டது. அக்கா.

"தம்பி," என்றாள். ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கியது. "சவுண்டு வந்துடுச்சுடா."

"எப்படிக்கா? கரண்ட்டே போடலையே."

"நானும் போடலை."

"கார்டு என்கிட்ட இருக்குக்கா."

"அவர் பேசறார்டா. நல்லாக் கேக்குது." அவள் குரல் அவனுக்குப் பழக்கமில்லாத குரலாக மாறிக்கொண்டே வந்தது. "போன் அடிக்குது. அடிச்சுக்கிட்டே இருக்கு. பதினோரு தரம் எண்ணிட்டேன். நடு நடுவுல ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறார். நான் அவர்கிட்ட என்ன சொல்ல?"

அவன் சட்டைப் பையைக் கையால் பொத்தினான்.

"எதைடா தம்பி ஆஃப் பண்ணச் சொன்னே?"

அவன் போனை ஆஃப் பண்ணினான். அதுதான் அவனுக்குத் தெரிந்தது. பொத்தானை அமுக்கிப் பிடித்தான், திரை கறுத்தது.

உடனே தெருச் சத்தம் நின்றது.

லாரி எதிரே போனது. சத்தம் இல்லை. பிள்ளைகள் வாயைத் திறந்து சிரித்தார்கள். சத்தம் இல்லை. முட்டை அட்டை ஒட்டின அந்த அறையில் நிற்பது போல அவன் மூச்சு மட்டும் அவனுக்குக் கேட்டது. பிறகு தைல வாசனை. சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராக, கார்டு இதமாகச் சூடேறியது.

"ஆஃப் பண்ணிட்டியா மாப்ளே," என்றது அது, கோபமே இல்லாமல். "சரி. இப்ப ஆன் பண்ணு. அக்கா இன்னும் லைன்லதான் இருக்கா."