சாட்சி பாட்டில்

"நிறுத்துங்க! எங்க தண்ணிய எதுக்கு இப்படிக் கொட்டுறீங்க?"

தூறலில் குடையோடு ஓடி வந்தாள் நாற்றுப்பண்ணைக்காரரின் மகள். போர் குழாயடியில், தண்ணீர் சோதனைக்கு வந்திருந்த லேப்காரன் நிமிர்ந்தான். அடேயப்பா, என்ன கண்கள்! அமைதியான கண்கள்... அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடியது.

"குழாயில தேங்கின பழைய தண்ணி முதல்ல போகணுங்க. அப்புறம்தான் பாட்டில்ல பிடிக்கணும்."

நம்பலாமா? இரண்டு மாதமாக நாற்றுகள் கருகுகின்றன. அப்பா சரியாகத் தூங்குவதே இல்லை. பக்கத்துச் சாயப்பட்டறைக் கழிவு இந்தத் தண்ணீரில் இருப்பது தெரிந்தால் பட்டறையை நிறுத்துவார்கள், பண்ணை பிழைக்கும். இல்லையென்றால் இழுத்து மூட வேண்டியதுதான்.

கண்கொத்திப் பாம்பாக நின்றாள். அவன் பாட்டிலைக் கழுவி நிரப்பினான். மழைத்துளி விழாமலிருக்கத் தொப்பியைப் பாட்டிலுக்குப் பிடித்து, தலையை நனைய விட்டான். பைத்தியமா இவன்? ஆனாலும் பார்வையைத் திருப்ப முடியவில்லை...

அடுத்து ஒரு கேனை எடுத்து, அதிலிருந்த தெளிந்த தண்ணீரை இன்னொரு பாட்டிலில் ஊற்றினான்!

"மாட்டினீங்களா! நல்ல தண்ணிய ஊத்தி எங்களுதுன்னு குடுக்கப் பார்த்தீங்களா?"

"ஐயோ, இது சாட்சி பாட்டிலுங்க. லேப்லேர்ந்து கொண்டு வந்த சுத்தத் தண்ணி. இதுலயும் அழுக்கு தெரிஞ்சா, தப்பு உங்க போர்ல இல்ல... என் கையில."

கொஞ்சம் இளகினாள். அந்த நேரம் பார்த்து, மதிலுக்கு அப்பாலிருந்து பட்டறை முதலாளியின் குரல்.

"டேய் தம்பி! முடிச்சிட்டு வீட்டுக்கு வாடா, சித்தி சாப்பிடாம காத்துட்டிருக்கா!"

"ஓஹோ... உங்க சித்தப்பாவா? பாலுக்குப் பூனை காவலா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்!"

அவன் முகம் சுருங்கியது. "சித்தப்பா பட்டறை, வேற ஆள அனுப்புங்கன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்தேன். வேற ஆள் இல்லன்னுட்டாங்க. என்னை நம்ப வேணாம். சீல் மேல நீங்களே கையெழுத்து போடுங்க. கூடவே வந்து லேப்ல ஒப்படைங்க."

போனாளே! பாட்டில்கள் இருந்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவன் ஓட்டிய வேனின் பின்சீட்டில். முழங்கால் மரத்துப் போனதுதான் மிச்சம்.

பன்னிரண்டாம் நாள் கவரோடு வந்தான். போர் தண்ணீரில் சாயக் கழிவு, அளவுக்கு மேல். சாட்சி பாட்டிலில் ஒன்றுமே இல்லை.

"அப்போ... உங்க சித்தப்பா?"

"பட்டறைய நிறுத்தச் சொல்லி ஆர்டர் வந்துடுச்சு. வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னுட்டார்." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

அவளுக்கு உறைத்தது. எவ்வளவு பேசிவிட்டோம்!

"மன்னிச்சிடுங்க. இனிமே உங்களச் சந்தேகப்பட மாட்டேன்."

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க! மூணு மாசத்துக்கு ஒரு தடவை தண்ணி எடுக்க நான் வரணும். நீங்க பக்கத்துல நிக்கலன்னா..." அவன் காது சிவந்தது. "எனக்கு உங்களப் பிடிச்சிருக்குங்க. அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீங்க பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கல."

"யார் சொன்னா? வேன் கண்ணாடியில உங்களத்தான் பார்த்துட்டு வந்தேன். முதல்ல சந்தேகத்துலதான்... அப்புறம் கண்ணை எடுக்க முடியல."

மறுபடி தூறல். குடையை விரித்து, அவன் தலைக்குமாகச் சேர்த்துப் பிடித்தாள்.