பளிங்கு மேஜையில் ஒரு சொட்டு

மழைக்கு ஒதுங்கித்தான் அவள் அந்த பேக்கரிக்குள் நுழைந்தாள். ஒதுங்கிய இடத்தில் சும்மா நிற்கத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை...

நிலவியல் முதல் வருஷம். பையில் ஒரு சுத்தியல், ஒரு பூதக்கண்ணாடி, நீர்த்த ஆசிட் அடைத்த ஒரு சொட்டுக் குப்பி. எதிரே பால் வெள்ளையாய் ஒரு மேஜை! நிஜப் பளிங்கா, போலியா? கை குறுகுறுத்தது. ஒரே ஒரு சொட்டு...

புஸ்ஸென்று நுரைத்தது.

"நிஜம்! நிஜப் பளிங்கு!" என்று அவள் துள்ளினாள்.

"அது எங்களுக்கு முன்னாடியே தெரியுங்க."

திரும்பினாள். கன்னத்தில் மாவு, கையில் துடைக்கும் துணி, கண்களில் கார்மேகம். கடைக்காரரின் மகன். அவன் நுரையைத் துடைத்தான். பளபளப்பின் நடுவில் காசு அகலத்துக்கு ஒரு மங்கல் புள்ளி.

கல்லாவிலிருந்து அவன் அம்மா எழுந்து வந்தாள். "ஏம்மா, படிக்கிற புள்ளைதானே நீ? மேஜை பழையபடி மின்னுற வரைக்கும் தினம் வந்து தேய்ச்சுக் குடு!"

"ஒரே நாள்ல மின்ன வைக்கிறேன்மா!"

ரோஷக்காரி. மறுநாள் கல்லூரியிலிருந்து மெருகுப் பொடி கொண்டுவந்து, மூக்கு நுனி வியர்க்கத் தேய்த்தாள். புள்ளி மறைந்தது. அடுத்த நாள் சும்மா எட்டிப் பார்த்தால்... அதே இடத்தில், அதே மங்கல்!

"தேய்க்கவும் ஒரு படிப்பு இருக்குதாங்க?" என்றான் அவன், தேநீரை நீட்டியபடி.

"பேசாம இருங்க. மெருகு நிக்கமாட்டேங்குது."

"நிக்காட்டி என்ன... நாளைக்கும் வாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பின்னாளில் எவ்வளவோ நினைத்துக்கொள்ள நேரும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. எரிச்சலாக மட்டும் இருந்தது. கொஞ்சம் இனிப்பாகவும்...

ஒரு வாரம் இப்படியே. தேய்ப்பாள், மின்னும். விடிந்தால் மங்கும். வீட்டில் அண்ணன் வேறு, "கல்லு உனக்குச் சரிப்படாது, கணக்குப் பிரிவுக்கு மாறிடு" என்று நச்சரித்தான். கடைசியில் அவளும் துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"தோத்துட்டேங்க. ஒரு மேஜையைச் சரி பண்ணத் தெரியல, நான் எங்க மலையைப் படிக்கிறது? நாளைக்குப் பிரிவு மாத்த எழுதிக் குடுக்கப் போறேன்."

அவன் முகம் வெளிறியது. "ஐயோ, அவசரப்படாதீங்க..."

அவன் ஏன் பதறுகிறான்? பேராசிரியை முதல் வகுப்பில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. 'முதல் வருஷம் கத்துக்க வேண்டியது ஒண்ணுதான், ஒரு கல்லை அடையாளம் காணுற வரிசை. முதல்ல கண்ணு, அப்புறம் விரல், அப்புறம் சோதனை, கடைசியாத்தான் பேரு.' அவளோ நேரே ஆசிட்டில் ஆரம்பித்தவள்!

குனிந்து மேஜையைப் பார்த்தாள். முதல் முறையாக, ஒழுங்காக. மங்கலின் விளிம்பில் ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்தாள்.

"இது என்னங்க?"

"எ... எலுமிச்சை விதை."

"புளிப்பு பட்டாலும் பளிங்கு மங்கும். யாரு பிழிஞ்சா?"

அவன் மாவுக் கன்னம் சிவந்தது. கல்லாவிலிருந்து அம்மாவின் குரல் வெடித்தது. "அடப்பாவி! கேக்குக்கு வச்ச எலுமிச்சையெல்லாம் எங்க போகுதுன்னு ஒரு வாரமா எலியைத் திட்டிக்கிட்டு இருக்கேன்!"

"மேஜை மின்னிட்டா நீங்க வரமாட்டீங்கல்ல..." என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "என்னால நீங்க படிப்பை விட்டுடாதீங்க. உங்க மெருகுல ஒரு குறையும் இல்லை. எனக்கு உங்களைப் பாக்கணும், அவ்வளவுதான்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் அவனைப் பார்த்தாள். மெதுவாக, வரிசைப்படி. கண்... பிறகு விரல் நீண்டு அவன் கன்னத்து மாவைத் துடைத்தது.

"சோதனை?" என்றான் மூச்சுவிடாமல்.

"ஒரு வாரமா என்னைத் தேய்க்க விட்டீங்களே, அது போதாதா?"

"அப்ப... பேரு?"

அவள் எலுமிச்சை விதையை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. பேரு அதுதான்... நாளைக்கும் பிழிஞ்சு வைங்க."